சாய்ந்து நின்ற சக்கரம்: பெருங்களத்தூர் ஹெரால்டு காரின் கதை



இன்றைய பதிவு கொஞ்சம் நீளம். சாப்பிட்டுவிட்டு ஓய்வாக உட்கார்ந்து படியுங்கள். ஒரு காரின் பின்சக்கரம் எப்படி நின்றது, ஏன் அப்படி நின்றது, அதைப் பார்த்து நம் மக்கள் என்ன சொன்னார்கள் என்பதுதான் கதை. வரலாறும் அறிவியலும் கலந்து வரும். வகுப்பில் நடத்தியதைப் போலவே எழுதுகிறேன்.

விக்கிரவாண்டியிலிருந்து சென்னைக்குப் போகிற நாம் எல்லோரும் திண்டிவனம், செங்கல்பட்டு தாண்டிப் பெருங்களத்தூர் நெரிசலில் ஒருமுறையாவது மாட்டிக்கொண்டவர்கள்தான். அங்கே இன்று கண்ணாடி போட்ட மென்பொருள் அலுவலகங்களும் அடுக்குமாடி வீடுகளும் நிற்கின்றன. என் தலைமுறைக்கு அந்தப் பகுதி என்றால் ஸ்டாண்டர்டு மோட்டார் கம்பெனிதான். 1948-இல் தொடங்கப்பட்ட 'ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா' என்ற நிறுவனம், இங்கிலாந்தின் ஸ்டாண்டர்டு கம்பெனியோடு சேர்ந்து நம் மாநிலத்தில் கார் செய்தது. முதலில் வான்கார்டு, பிறகு எட்டு, பத்து என்ற சிறிய கார்கள். 1961-இல் ஸ்டாண்டர்டு ஹெரால்டு வந்தது.

அந்தக் காலத்தில் கார் வாங்க நினைப்பவருக்கு மூன்றே பெயர்கள்தான். கல்கத்தாவின் அம்பாசடர், பம்பாயின் ஃபியட், நம் சென்னையின் ஹெரால்டு. மூன்றில் பார்க்க அழகானது ஹெரால்டு. இத்தாலியைச் சேர்ந்த மிக்கேலோட்டி என்ற புகழ்பெற்ற வடிவமைப்பாளர் வரைந்த உருவம். முன்பக்கம் முழுவதும், மட்கார்டோடு சேர்ந்து, முதலை வாய் திறப்பது போலத் தூக்கிக்கொள்ளும். சுமார் 25 அடி இடம் இருந்தால் முழு வட்டமாகத் திரும்பிவிடும். நம் கடைத்தெருவில் அம்பாசடர் முன்னும் பின்னும் போய் வந்து திரும்பும் இடத்தில் ஹெரால்டு ஒரே வளைவில் திரும்பிப் போவதைச் சிறுவர்கள் நின்று வேடிக்கை பார்ப்போம்.

1972-இல் ஹெரால்டுக்குப் பதிலாக அதே கம்பெனி 'கேஸல்' என்ற காரைக் கொண்டுவந்தது. அதே 948 சிசி இன்ஜின். வெளித்தோற்றத்தில் சில மாற்றங்கள். ஆனால் அடியில் ஒரு பெரிய மாற்றம். ஹெரால்டில் பின்சக்கரங்கள் இரண்டும் தனித்தனியாக ஏறி இறங்கும். கேஸலில் அதை எடுத்துவிட்டு, அம்பாசடரிலும் லாரியிலும் இருப்பது போன்ற ஒற்றை அச்சை மாட்டினார்கள்.

இதைப் பழைய கார் பிரியர்கள் சிலர் கேலியாகப் பேசிக் கேட்டிருக்கிறேன். "வெள்ளைக்காரன் நவீனமாகக் கொடுத்ததைக் கழற்றிப் போட்டுவிட்டு மாட்டுவண்டி அச்சை மாட்டிய கம்பெனி" என்பார்கள். நம் ஊர்க்காரர்களுக்கு நல்ல பொருளை அனுபவிக்கத் தெரியாது என்பதற்கு இதை உதாரணமாகவும் காட்டுவார்கள். இந்தக் கேலி நியாயமா என்று பார்ப்பதற்காகத்தான் இந்தப் பதிவு.

முதலில் ஒரு சொல்லைப் புரிந்துகொள்வோம். காரின் பின்னால் நின்று சக்கரத்தைப் பாருங்கள். அது தரைக்குச் செங்குத்தாக நிற்கலாம். மேல்விளிம்பு வெளிப்பக்கம் சாய்ந்திருக்கலாம், அல்லது உள்பக்கம் சாய்ந்திருக்கலாம். இந்தச் சாய்வுக்குப் பெயர் கேம்பர். மேல்விளிம்பு வெளியே சாய்ந்தால் பாசிட்டிவ், உள்ளே சாய்ந்தால் நெகட்டிவ். ஹெரால்டின் டயர் ஏறக்குறைய 58 சென்டிமீட்டர் உயரம். அது ஒரு டிகிரி சாய்ந்தால் மேல்விளிம்புக்கும் கீழ்விளிம்புக்கும் 1 சென்டிமீட்டர் வித்தியாசம் வரும். ஐந்து டிகிரி என்றால் 5 சென்டிமீட்டர். அதைத் தெருவில் போகிறவரும் கண்ணால் கண்டுவிடுவார்.

இப்போது எழுந்து நில்லுங்கள். வெட்கப்பட வேண்டாம், வீட்டில்தானே இருக்கிறீர்கள்! இரண்டு கைகளையும் பக்கவாட்டில் நேராக நீட்டுங்கள். போக்குவரத்துக் காவலர் வண்டியை நிறுத்துவது போல, விரல்கள் வானத்தைப் பார்க்க உள்ளங்கையை நிமிர்த்துங்கள். உங்கள் உடம்புதான் கார். தோள்பட்டை இருக்கும் இடத்தில் டிஃபரன்ஷியல் இருக்கிறது. கை என்பது அச்சின் பாதி. உள்ளங்கைதான் சக்கரம். மணிக்கட்டை அசைக்காமல் கைகளை மட்டும் கொஞ்சம் கீழே இறக்குங்கள். விரல் நுனிகள் வெளிப்பக்கம் சாய்கின்றன அல்லவா? இது பாசிட்டிவ் கேம்பர். இப்போது கைகளைத் தோளுக்கு மேலே தூக்குங்கள். விரல்கள் தலையைப் பார்த்து உள்ளே சாய்கின்றன. இது நெகட்டிவ்.

ஹெரால்டின் பின்பக்கம் இப்படித்தான் வேலை செய்தது. இதற்கு ஊஞ்சல் அச்சு என்று பெயர் வைக்கலாம். ஆங்கிலத்திலும் அதே பொருள்படும் 'ஸ்விங் ஆக்ஸில்' என்ற பெயர்தான். விமானங்கள் வடிவமைத்துப் புகழ்பெற்ற ஆஸ்திரியப் பொறியாளர் எட்முண்ட் ரும்ப்ளர் 1903-இலேயே இதற்குக் காப்புரிமை பெற்றுவிட்டார். ஃபோக்ஸ்வேகன் பீட்டில் காரிலும் பல ஆண்டுகள் இதே முறைதான். ஹெரால்டில் டிஃபரன்ஷியல் அடிச்சட்டத்தோடு முறுக்கப்பட்டிருக்கும். அதன் தலைமேல் குறுக்காக ஒரு வில்பட்டை படுத்திருக்கும். பட்டையின் இரு நுனிகளிலும் இரண்டு சக்கரங்கள்.

இதில் நன்மை உண்டு. பள்ளத்தில் ஒரு சக்கரம் இறங்கினால் மற்றது அதை அறியாது. கனமான டிஃபரன்ஷியல் சக்கரத்தோடு சேர்ந்து குதிக்காது. செலவும் குறைவு. ஒற்றை அச்சோ காவடித் தண்டு மாதிரி. ஒரு முனை மேலே போனால் மறுமுனையும் சேர்ந்து சாயும். ஆனால் அதற்கு ஒரு நல்ல குணம் இருக்கிறது. சமதரையில் எவ்வளவு பாரம் ஏற்றினாலும் இறக்கினாலும் சக்கரம் நேராகவே நிற்கும். கைகளில் பார்த்தீர்களே, அந்தச் சாய்வு அதில் வராது.

ஹெரால்டில் அந்தச் சாய்வு வந்தது. காலியாக நிற்கும்போது உடம்பு உயர்ந்து சக்கரத்தின் மேல்விளிம்பு வெளியே சாயும். ஆட்களும் மூட்டைகளும் ஏறியதும் பின்பக்கம் அமுங்கி, சக்கரங்கள் கால் அகட்டி நிற்கும். இங்கிலாந்தில் ஹெரால்டு பெரும்பாலும் இரண்டு கதவுக் கார். நான்கு கதவு வைத்த ஹெரால்டு அங்கே விற்பனைக்கு வரவே இல்லை. அதை உருவாக்கியது நம் பெருங்களத்தூர்தான். நான்கு கதவு எதற்கு? பின்சீட்டில் குடும்பம் உட்கார! காலையில் ஓட்டுநர் மட்டும் ஏறிய கார், மாலையில் பாட்டி, பேரப்பிள்ளைகள், பலாப்பழம் எல்லாவற்றையும் சுமந்துகொண்டு பண்ருட்டியிலிருந்து திரும்பும். ஒரே நாளில் ஒரே சக்கரம் இரண்டு விதமாகச் சாய்ந்து நிற்பதை உரிமையாளர் பார்ப்பார். இங்கிலாந்துக்காரரைவிட நம்மவர் கண்ணில் இது அதிகம் பட்டதற்கு இதுவும் காரணமாக இருந்திருக்கும் என்பது என் ஊகம்.

அந்தக் காரை ஜாக்கி வைத்துத் தூக்கினால் காட்சி இன்னும் மோசம். சக்கரம் தொங்கி, கோழியைத் தூக்கினால் கால்கள் உள்ளே மடங்குவது போல அடியில் மடங்கிக்கொள்ளும். ஜாக்கியை இறக்கிய பிறகும் காரைச் சில அடி உருட்டும் வரை அப்படியே நிற்கும். புளியமரங்கள் வரிசையாக நின்ற அந்தக் காலத்து ஜிஎஸ்டி சாலையோரம் பஞ்சராகி நின்ற ஒரு ஹெரால்டைச் சுற்றி எங்கள் தெருவே கூடியது எனக்கு நினைவிருக்கிறது. "அச்சு ஒடஞ்சிப் போச்சிங்க, இனிமே இது எங்க போவுது!" என்று ஒரு பெரியவர் தீர்ப்பே சொல்லிவிட்டார். ஸ்டெப்னி மாட்டிய ஓட்டுநர் சிரித்துக்கொண்டே வண்டியை எடுத்தார். பத்தடி போவதற்குள் சக்கரம் நிமிர்ந்துகொண்டது.

அந்தப் பெரியவரைக் குறை சொல்ல முடியாது. மாட்டுவண்டி ஊரில் வளர்ந்தவர். வண்டிச் சக்கரம் சாய்ந்து ஆடினால் குடம் தேய்ந்திருக்கிறது, அல்லது கடையாணி போகப் போகிறது என்று பொருள். சாய்ந்த சக்கரம் ஆபத்து என்பது அவருக்குத் தலைமுறை தலைமுறையாக வந்த படிப்பு.

கேஸலில் அச்சை மாற்றியதற்கும் இதுதான் காரணமாகச் சொல்லப்படுகிறது. ஹெரால்டு வைத்திருந்த பலர் பின்சக்கரம் சாய்ந்து நிற்பதைக் கண்டு, "சக்கரம் ஆடுகிறது" என்று புகார் சொல்லிக்கொண்டே இருந்தார்களாம். கம்பெனியும் அந்தப் புகாருக்குக் காது கொடுத்தது.

சக்கரம் ஆடவில்லை என்பது உண்மைதான். அது அந்த அமைப்பின் இயல்பு. அப்படியானால் கேலி செய்பவர்கள் சொல்வது சரிதானே என்று கேட்பீர்கள். கொஞ்சம் பொறுங்கள், கடல் தாண்டிப் போய் வருவோம்.

ஊஞ்சல் அச்சுக்கு ஓர் உண்மையான நோய் உண்டு. அது நின்ற காரில் தெரியாது. கார் வேகமாக இடப்பக்கம் வளைகிறது என்று வையுங்கள். பாரமெல்லாம் வலப்பக்கச் சக்கரத்தின் மேல் சாயும். தரை அந்த டயரை உள்நோக்கித் தள்ளும். அந்தத் தள்ளல் பாதி அச்சின் வழியாகப் போய்க் காரின் பின்பக்கத்தை மேலே தூக்கப் பார்க்கும். கழி ஊன்றி வாய்க்காலைத் தாண்டுகிறவர் கழியின் மேல் எழும்புவாரே, அதுபோல. பின்பக்கம் எழும்பினால் என்ன ஆகும்? கையை இறக்கிப் பார்த்தீர்களே, அதேதான். மேல்விளிம்பு வெளியே போகும், அடிவிளிம்பு காருக்கு அடியில் மடங்கும், டயரின் பிடி குறைந்துவிடும். அந்த நேரத்தில் ஓட்டுநர் பயந்து ஆக்ஸிலரேட்டரிலிருந்து சட்டென்று காலை எடுத்தால் பாரம் முன்னால் போய், பின்பக்கம் இன்னும் எழும்பும். கார் சுழன்றுவிடும்.

அமெரிக்காவில் ஜெனரல் மோட்டார்ஸ் கம்பெனி 1960-ஆம் ஆண்டு மாடலாகக் கொண்டுவந்த 'கோர்வேர்' காரில் இதே பின் அச்சு. இன்ஜினும் பின்னால்தான். காரின் பின்பகுதி அதிகக் கனம் என்பதால், முன் டயரில் 15 பவுண்டும் பின் டயரில் 26 பவுண்டும் காற்று வைக்கச் சொன்னார்கள். பெட்ரோல் பங்க்கில் காற்றுப் பிடிக்கும் பையன் நான்கிலும் ஒரே அளவு வைத்துவிட்டால் போயிற்று. 1965-இல் ரால்ஃப் நேடர் என்ற இளம் வழக்கறிஞர் கார்களின் பாதுகாப்பைப் பற்றி எழுதிய புத்தகத்தின் முதல் அத்தியாயமே இந்தக் காரைப் பற்றியதுதான். கம்பெனி அவர் பின்னால் துப்பறிவாளர்களை அனுப்பியது. அது வெளிவந்து, 1966-இல் கம்பெனித் தலைவர் அமெரிக்க நாடாளுமன்றக் குழுவின் முன் மன்னிப்புக் கேட்டார். அதே ஆண்டு அங்கே வாகனப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. நியாயமாகச் சொல்ல வேண்டும். 1972-இல் அமெரிக்க அரசின் ஆய்வு, அந்தக் காலத்து மற்ற கார்களைவிடக் கோர்வேர் மோசமானதல்ல என்று முடிவு சொன்னது. ஆனாலும் அதற்கு வெகு முன்பே, 1964 மாடலில் கூடுதலாக ஒரு குறுக்குப் பட்டையைச் சேர்த்து, 1965 மாடலில் பின் அமைப்பையே புதிதாக மாற்றிவிட்டார்கள்.

இங்கிலாந்தில் என்ன நடந்தது? ஹெரால்டின் உறவுக்காரர்களான ஜிடி6, விட்டெஸ் கார்களுக்கு 1968-இல் பின்பக்கத்தில் வேறு அமைப்பு கொடுத்தார்கள். ஸ்பிட்ஃபயர் என்ற காருக்கு 1970-இல் வில்பட்டையின் பெரும்பகுதியை நடுவில் இறுகக் கட்டாமல் ஊசலாட விட்டார்கள். இரண்டு ஏற்பாட்டுக்கும் நோக்கம் ஒன்றுதான். வளைவில் சக்கரம் அடியில் மடங்கக் கூடாது.

இப்போது ஆண்டுகளை வரிசையாக வைத்துப் பாருங்கள். அமெரிக்காவில் 1964, 1965. இங்கிலாந்தில் 1968, 1970. பெருங்களத்தூரில் 1972. ஏழெட்டு ஆண்டுகளுக்குள் மூன்று நாடுகளும் ஒரே நோய்க்கு மருந்து தேடியிருக்கின்றன. மற்ற இருவரும் கூடுதல் இணைப்புகளும் புதிய பட்டைகளும் வைத்தார்கள். நம்மவர்கள் இங்கே எளிதாகச் செய்யக்கூடிய, எந்தக் கிராமத்துக் கொல்லரும் மெக்கானிக்கும் பழுது பார்க்கக்கூடிய ஒற்றை அச்சுக்குப் போனார்கள். அதில் இழப்பும் உண்டு. மேடுபள்ளத்தில் அது அதிகம் குதிக்கும். ஆனால் சக்கரம் அடியில் மடங்காது.

ஒற்றை அச்சு பின்தங்கியது என்பவர்களுக்கு இன்னொரு செய்தி. 1976-இல் வெளிவந்து, 1977-இன் சிறந்த ஐரோப்பியக் கார் என்று விருது வாங்கிய இங்கிலாந்தின் ரோவர் எஸ்டி1 காரில் பின்பக்கம் ஒற்றை அச்சுதான்! அதன் உருவத்தைத்தான் நம் பெருங்களத்தூர் கம்பெனி 1985-இல் 'ஸ்டாண்டர்டு 2000' என்ற பெயரில் கொண்டுவந்தது. அதுவே அந்தக் கம்பெனியின் கடைசிக் கார்.

ஆக, நான் சொல்ல வருவது இதுதான். ஹெரால்டு வைத்திருந்த நம் மக்கள் கண்ட அடையாளம் சரியானது. அதற்கு அவர்கள் சொன்ன காரணம்தான் தவறு. சக்கரம் கழன்று ஆடுகிறது என்று நினைத்தார்கள். சக்கரம் கழலவில்லை. ஆனால் பாரத்துக்கும் வளைவுக்கும் ஏற்பச் சாய்வு இவ்வளவு மாறுவதில்தான் ஆபத்து ஒளிந்திருந்தது. பொறியியல் படித்தவர்கள் "அது அப்படித்தான் இருக்கும்" என்று சொல்லிவிட்டுப் போயிருந்தால் பேச்சு அங்கேயே முடிந்திருக்கும்.

முப்பது ஆண்டுகளுக்கு மேல் கரும்பலகை முன் நின்றவன் என்ற முறையில் சொல்கிறேன். ஒரு பிள்ளை தவறான விடை சொன்னால் அடித்துத் திருத்திவிடுவது எளிது. அந்தப் பிள்ளை எதைப் பார்த்து அப்படிச் சொன்னது என்று கேட்பதுதான் கடினம். பல நேரம் பிள்ளை பார்த்தது உண்மையாக இருக்கும். உங்களில் பலர் இன்று அதிகாரிகளாக, பொறியாளர்களாக, மருத்துவர்களாக இருக்கிறீர்கள். புகார் சொல்ல வருபவருக்குச் சரியான சொல் தெரியாது. "சக்கரம் ஆடுது" என்பார், "நெஞ்சுல என்னமோ பண்ணுது" என்பார். சொல் தவறு என்பதற்காக அவரை அனுப்பிவிடாதீர்கள்.

கேஸலால் கம்பெனி பிழைக்கவில்லை. 1977-இல் அதன் உற்பத்தி நின்றது. இடையில் சிறிய வேன்கள் செய்தார்கள். ஸ்டாண்டர்டு 2000 ஓடியது மூன்றே ஆண்டுகள். 1988-இல் அதுவும் முடிந்தது. அதற்குள் மாருதி வந்து நாட்டின் சாலைகளே மாறிவிட்டன.

கடைசியாக, இன்று கார் ஓட்டும் பிள்ளைகளுக்குச் சில வார்த்தைகள். நம் டோல்கேட்டைத் தாண்டியதும் நீங்கள் போகும் வேகத்தைத் தினமும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன். அலைன்மென்ட் என்றால் முன்சக்கரம் மட்டும் என்று நினைக்காதீர்கள். நான்கு சக்கரங்களையும் அளக்கச் சொல்லுங்கள். இன்றைய சிறிய கார்கள் பலவற்றில் பின்சக்கரங்கள் இரண்டையும் 'டார்ஷன் பீம்' என்ற இரும்பு உத்தரம் இணைக்கிறது. பெரும்பாலும் அதில் கேம்பரைத் திருத்தத் திருகு எதுவும் கிடையாது. அளவு தப்பியிருந்தால் உத்தரம் வளைந்திருக்கலாம், பேரிங் தேய்ந்திருக்கலாம். "முன்னாடி சரி பண்ணிட்டோம், போதும் சார்" என்று சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள்.

டயரைப் படியுங்கள். வெளிவிளிம்பு மட்டும் தேய்ந்தால் பாசிட்டிவ் சாய்வு அதிகமா என்று பாருங்கள். உள்விளிம்பு மட்டும் தேய்ந்தால் நெகட்டிவ் சாய்வு, அல்லது சக்கரங்கள் முன்பக்கம் விரிந்து நிற்கும் டோ கோளாறு. இரண்டு விளிம்பும் தேய்ந்தால் காற்று குறைவு. நடுப்பகுதி தேய்ந்தால் காற்று அதிகம். இதில் உள்விளிம்புத் தேய்மானம் மிகப் பொல்லாதது. வெளியிலிருந்து பார்த்தால் டயர் புதிது போலவே இருக்கும். மாதம் ஒருமுறை வண்டியை நிறுத்தி, டயர் ஆறிய பிறகு, உள்பக்கம் கையை விட்டுத் தடவிப் பாருங்கள். உள்ளே கம்பி தட்டுப்பட்டால் அன்றே டயரை மாற்றுங்கள்.

சமதரையில் நிறுத்தி, நூலில் ஒரு நட்டைக் கட்டி, மட்கார்டிலிருந்து சக்கரத்தின் முன்னால் தொங்கவிட்டு, ரிம்மின் மேல்விளிம்புக்கும் கீழ்விளிம்புக்கும் உள்ள தூரத்தை அளந்தால் சாய்வு தெரிந்துவிடும். கொத்தனார் சுவருக்குப் பிடிக்கும் தூக்குக்குண்டேதான் இது. வலது, இடது இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இருந்தால் கடைக்குப் போங்கள். வீட்டுப் பிள்ளைகளையும் கூட வைத்துக்கொண்டு அளந்து பாருங்கள். ஒரு நாள் அறிவியல் பாடம் அங்கேயே நடந்துவிடும்.

உங்கள் தாத்தாவோ மாமாவோ ஹெரால்டு அல்லது கேஸல் வைத்திருந்தால், வீட்டு ஆல்பத்தில் அந்தப் படம் இருந்தால், கீழே பதிவிடுங்கள். பின்சக்கரம் தெரியும்படி எடுத்த படமாக இருந்தால் இன்னும் நல்லது.

அன்புடன்,
உங்கள் ஆசிரியர்,
விக்கிரவாண்டி